அச்சில்லாமல் இழுக்கும் கம்பி

(அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கண்ணாடி உருளையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். குறுக்களவு 34 சென்டிமீட்டர், கனம் 20 சென்டிமீட்டர், எடை 40 கிலோ. சிமென்ட் மூட்டையைவிட 10 கிலோ குறைவு, அவ்வளவுதான். அந்த உருளையை நான்கே நான்கு இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எஃகுக் கம்பியிலும் இல்லை, நைலான் கயிற்றிலும் இல்லை, கண்ணாடி இழையில். ஒவ்வோர் இழையும் 60 சென்டிமீட்டர் நீளம், 0.4 மில்லிமீட்டர் பருமன். நீங்கள் பென்சிலில் போடுகிறீர்களே 0.5 லெட், அதைவிட மெல்லியது.

அமெரிக்காவில் ஹான்போர்டிலும் லிவிங்ஸ்டனிலும் இருக்கும் லைகோ ஆய்வகங்களின் ஆடிகள் இப்படித்தான் தொங்குகின்றன. 2015 செப்டம்பர் 14 அன்று, 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வை முதன்முதலாகப் பிடித்தவை அவை. அந்த ஈர்ப்பு அலை பூமியைக் கடந்தபோது, 4 கிலோமீட்டர் இடைவெளியில் தொங்கிய ஆடிகளின் தூரம் மாறிய அளவு ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு. இந்தச் செய்தியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். கருந்துளையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த ஆடியைத் தாங்கிய இழையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதிலும் ஒரே ஒரு கேள்வி: அந்த 0.4 மில்லிமீட்டர் எப்படி 0.4 மில்லிமீட்டராக வந்தது?

துளை எங்கே?

பொற்கொல்லர் பட்டறையில் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். கம்பியச்சு என்று ஓர் எஃகுப் பட்டை வைத்திருப்பார். அதில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் துளைகள். தங்கக் கம்பியின் நுனியை ராவிக் கூராக்கி, துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பற்றி இழுப்பார். துளை எவ்வளவோ, கம்பி அவ்வளவு. பருமனைத் தீர்மானிப்பது துளை. இழுப்பவரின் கை கொஞ்சம் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் கம்பி ஏறத்தாழ அதே அளவில்தான் வரும்.

கண்ணாடியில் இது நடக்காது. இந்த இழையின் கண்ணாடியான சிலிக்காவை உருக்கி எந்தத் துளை வழியாக இழுத்தாலும் துளையின் சுவர் அதன் மேல்தோலைக் கீறிவிடும். கீறிய கண்ணாடி பாரம் தாங்காது. ஆகவே இழை எதன்மீதும் படாமல், அந்தரத்தில், காற்றில் மெலிய வேண்டும். அச்சு கிடையாது, அளவுகோலும் தொடக்கூடாது. அப்படியானால் பருமனை எதைக்கொண்டு பிடிப்பது?

இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமலே ஒருவர் அழகான இழைகள் செய்தார். லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ். 1887-ல் அவர் எடுத்த கருவி ஒரு குறுக்குவில். வைக்கோல் தண்டில் செய்த அம்பு. அம்பின் வாலில் ஒரு துண்டுக் குவார்ட்ஸ். குவார்ட்ஸை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் உருக்கி, இளகி வரும் நேரம் பார்த்து வில்லை விடுவார். அம்பு பறக்கும், உருகிய குவார்ட்ஸ் பின்னால் நூலாக நீளும். 90 அடி நீளத்துக்குக்கூட இழை கிடைத்தது. அந்த இழைகளில் சிறு தங்கக் குண்டுகளைத் தொங்கவிட்டுத்தான் 1895-ல் ஈர்ப்பு மாறிலியை அவர் அளந்தார். அவர் சொன்ன எண்ணுக்கும் இன்று நாம் பயன்படுத்தும் எண்ணுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் மூன்றுகூட இல்லை.

ஆனால் கவனியுங்கள், பாய்ஸ் பருமனைக் கட்டுப்படுத்தவில்லை, தேர்ந்தெடுத்தார். பல முறை எய்து, கிடைத்தவற்றில் நல்லதை எடுத்துக்கொண்டார். ஓர் இழை போதும் என்றால் இந்த வழி போதும். லைகோவின் ஒவ்வோர் ஆய்வகத்திலும் இப்படித் தொங்கும் முக்கிய ஆடிகள் நான்கு. ஆடிக்கு நான்கு வீதம் 16 இழைகள். அத்தனையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அங்கே வில்லும் அம்பும் கைகொடுக்காது.

ஏன் இவ்வளவு கறார்?

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக் கணக்குதான்.

40 கிலோவை நால்வர் சுமந்தால் ஆளுக்கு 10 கிலோ. அந்தப் பாரத்தில் இழை நீளும். சிலிக்காவின் யங் குணகத்தை வைத்துக் கணக்கிட்டால் 60 சென்டிமீட்டர் இழை சுமார் 6.5 மில்லிமீட்டர் நீள்கிறது. கண்ணாடி ரப்பர் மாதிரி நீள்வதைக் கற்பனை செய்யவே கூச்சமாக இருக்கும், ஆனால் உண்மை. இப்போது நான்கில் ஒன்று மட்டும் 1 சதவீதம், அதாவது 4 மைக்ரான், தடித்துவிட்டது என்று வையுங்கள். குறுக்குப் பரப்பு 2 சதவீதம் கூடும். அந்த இழை மற்றவற்றைவிட 0.13 மில்லிமீட்டர் குறைவாக நீளப் பார்க்கும். விளைவு, பாரம் சமமாகப் பிரியாது. ஆடி சாயப் பார்க்கும். ஒளிக்கற்றை 4 கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டிய ஆடி அது.

அடுத்தது சுருதி. தம்புராவின் தந்தி மாதிரி இந்த இழையும் ஒலிக்கும். ஒரே பாரம், ஒரே நீளம் என்றால் தந்தி தடிக்கத் தடிக்கச் சுருதி இறங்கும். இந்த இழையின் அடிப்படைச் சுருதி சுமார் 500 ஹெர்ட்ஸ். 4 மைக்ரான் மாறினால் 5 ஹெர்ட்ஸ் மாறும். உராய்வு அவ்வளவு குறைந்த பொருள் என்பதால், ஒரு முறை மீட்டிவிட்டால் வெற்றிடத்தில் நாள்கணக்கில் ஒலித்துக்கொண்டே இருக்கும். லைகோவின் பதிவில் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கொத்தாகக் கூர்முனைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் இழையின் குரல். எந்த இழை எத்தனை மைக்ரான் தடிப்பு என்பதை அந்த இழைகளே பாடிக் காட்டிவிடும்.

ஆடி மேலும் கீழும் துள்ளும் அதிர்வு ஒன்றும் உண்டு. இழை தடித்தால் அது விறைப்பாகி, துள்ளலின் அதிர்வெண் ஏறும். அந்தத் துள்ளல் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஏனென்றால் கருவி கேட்கத் தொடங்குவது அங்கிருந்துதான். ஆகத் தடித்தாலும் கெடுதல். மெலிந்தால்? இப்போதே இழையின் மீதுள்ள அழுத்தம் 780 மெகாபாஸ்கல். மெலிந்தால் உடையும் ஆபத்து கூடும்.

கடைசிக் காரணம்தான் எனக்கு மிகப் பிடித்தது. இழை வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். இழுபட்ட பக்கத்துக்கும் அமுங்கிய பக்கத்துக்கும் இடையே துளி வெப்பநிலை வேறுபாடு உண்டாகி, வெப்பம் குறுக்கே ஓடும். அந்த ஓட்டம் இரைச்சல். இதை அடக்க என்ன வழி? சிலிக்காவுக்கு ஒரு விசித்திரக் குணம் இருக்கிறது: சூடேறினால் விறைப்பு கூடும். மற்றப் பொருள்கள் பெரும்பாலும் இளகும். பாரத்தில் இழுபட்டு நிற்கும் சிலிக்கா இழை சூடேறினால், ஒரு வகையில் வழக்கம்போல விரியப் பார்க்கிறது. இன்னொரு வகையில் விறைத்துச் சுருங்கப் பார்க்கிறது. ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் இரண்டும் சரிக்குச் சரி. வரவும் செலவும் நேராகி, அந்த இரைச்சல் ஏறத்தாழ மறைந்துவிடும். அந்த அழுத்தம் கிடைக்க 10 கிலோ பாரத்துக்கு 0.8 மில்லிமீட்டர் பருமன் வேண்டும்.

0.4 என்று சொல்லிவிட்டு இப்போது 0.8 என்கிறேனே? இரண்டும் வேண்டும். வளைவது இழையின் இரு முனைகளின் அருகில்தான். ஆகவே முனைகளில் சுமார் 2 சென்டிமீட்டர் தூரம் 0.8, நடுவில் முழுக்க 0.4, இரண்டு கடைசியிலும் 3 மில்லிமீட்டர் தண்டு. அதாவது இந்த இழை ஒரே சீரான கம்பி கிடையாது. உருவம் உள்ள பொருள். ஒரே இழுப்பில், தொடாமல், மைக்ரான் கணக்கில் அந்த உருவத்தைக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு வேகங்கள்

இனி கிளாஸ்கோவுக்குப் போவோம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஈர்ப்பு அலை ஆய்வுக் குழு இந்த இழைக் கலையில் பல பத்தாண்டுகள் உழைத்த குழு. ஜெர்மனியில் ஹானோவர் அருகே உள்ள ஜியோ 600 கருவிக்கு முதலில் சிலிக்கா இழைகளைக் கொடுத்தார்கள். அவை சுடரில் இழுத்தவை. அடுத்து, மேம்படுத்திய லைகோவுக்காக லேசரில் இழுக்கும் பொறியைச் செய்தார்கள்.

அதன் தத்துவத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 3 மில்லிமீட்டர் தடித்த சிலிக்காத் தண்டு ஒன்று. அதன் ஓர் இடத்தை லேசர் சூடாக்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து தண்டு மெதுவாகச் சூட்டுக்குள் ஊட்டப்படுகிறது. மறுபக்கத்திலிருந்து இளகிய கண்ணாடி வேகமாக இழுக்கப்படுகிறது. உள்ளே போன கண்ணாடிதான் வெளியே வர வேண்டும். ஊட்டும் வேகத்தைத் தண்டின் பரப்பால் பெருக்கினால் வருவதும், இழுக்கும் வேகத்தை இழையின் பரப்பால் பெருக்கினால் வருவதும் ஒன்றாக இருந்தே தீரும்.

3 மில்லிமீட்டரை 0.4 ஆக்க வேண்டுமா? 3-ஐ 0.4-ஆல் வகுத்து வருவதை அதாலேயே பெருக்குங்கள்: 56.25. ஊட்டும் வேகத்தைப் போல 56 மடங்கு வேகத்தில் இழுத்தால் 0.4. சுமார் 14 மடங்கில் இழுத்தால் 0.8. ஆக, பொற்கொல்லரின் அச்சில் துளைகள் வரிசையாக இருப்பதுபோல் இங்கே விகிதங்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மோட்டார்களின் வேக விகிதம்தான் நம்முடைய துளை. இழுப்பின் நடுவே விகிதத்தை 14-லிருந்து 56-க்கும், மறுபடி 14-க்கும் கொண்டுபோனால் 0.8, 0.4, 0.8 என்று உருவம் வரும். 60 சென்டிமீட்டர் இழைக்குச் செலவாகும் தண்டு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். விரல் நகத்தின் அகலம்.

இன்னொரு நல்ல செய்தி: பருமன் வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மோட்டார் வேகத்தில் 1 சதவீதம் தவறு நேர்ந்தால் பருமனில் அரை சதவீதம்தான் தவறு, 2 மைக்ரான்.

அப்படியானால் சூட்டுக்கு என்ன வேலை? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுக்கி விழும் இடம் இது. "சூட்டைக் கூட்டினால் கண்ணாடி இன்னும் இளகும், இழை இன்னும் மெலியும்" என்று நினைப்பது இயல்பு. தவறு. வேகங்கள் இரண்டும் மாறாமல் இருந்து, ஓட்டம் நிலைபெற்றுவிட்டால், சூட்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் பருமன் மாறாது. உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும் என்ற கணக்கில் வெப்பநிலை எங்குமே இல்லை. சூடு மாற்றுவது இழுவிசையை. சூடு குறைந்தால் கண்ணாடி முரண்டு பிடிக்கும், மோட்டார் பலமாக இழுக்க வேண்டிவரும். மிகவும் குறைந்தால் இழை அறுந்துவிடும். சூடு மிஞ்சினால் கண்ணாடி தொய்ந்து துளியாகத் திரளப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணாடியைச் சொன்னபடி கேட்கும் பதத்தில் வைத்திருப்பதுதான் சூட்டின் வேலை. வெல்லப்பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்க்கிறோமே, அந்தப் பதம். பதம் சரியாக இருந்தால் கம்பி வரும். கம்பியின் பருமன் விரல்களை விரிக்கும் வேகத்தில் இருக்கிறது.

ஏழைக்கு முதலில் திவால்

இவ்வளவு எளிது என்றால் அந்தப் பொறிக்கு ஏன் இத்தனை ஆண்டு உழைப்பு? தியரியில் ஒரு பொறி வைத்திருக்கிறது இயற்கை.

1906-ல் டிரவுட்டன் என்ற அயர்லாந்து இயற்பியலாளர் கீல் போன்ற பாகான பொருள்களை இழுத்து ஆராய்ந்தார். அவர் கண்ட விதியிலிருந்து ஓர் அழகான முடிவு வருகிறது. ஒரே விசையில் ஒரு பாகு இழையை இழுத்தால், அதன் குறுக்குப் பரப்பு ஒரு நொடிக்கு இவ்வளவு என்று குறையும். அந்த அளவு தடித்த இடத்திலும் அதேதான், மெலிந்த இடத்திலும் அதேதான். ஒருவரிடம் 1,000 ரூபாய், இன்னொருவரிடம் 100 ரூபாய். இருவரிடமிருந்தும் நாளுக்கு 10 ரூபாய் பிடித்தால் யார் முதலில் திவால்? மெலிந்த இடம்தான் முதலில் அறும். ஆக, சூடான இழையில் ஒரு சிறு மெலிவு தானாகச் சரியாகாது. நேரம் போகப் போக இன்னும் மோசமாகும்.

இது போதாதென்று 1969-ல் பியர்சனும் மாட்டோவிச்சும் இன்னொன்றைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெப்பநிலை எங்கும் ஒரே அளவில் இருக்கும் பாகு இழையில், இழுக்கும் வேகம் ஊட்டும் வேகத்தைப் போல 20 மடங்கைக் கொஞ்சம் தாண்டினாலே போதும், இரண்டு மோட்டார்களும் பிசகாமல் ஓடினாலும் இழை தடிப்பதும் மெலிவதுமாகத் தானே ஊசலாடத் தொடங்கும். சரியான எல்லை 20.2. நம்முடைய விகிதமோ 56. தொலைத்தொடர்புக்கான ஒளியிழையில் விகிதம் லட்சங்களில் இருக்கும். கணக்குப்படி இவை எதுவும் நேராக வந்திருக்கவே கூடாது!

வருகிறது. எப்படி? மெலிந்த கண்ணாடி உடனே சூட்டைவிட்டு வெளியேறிக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்தால் பாகுத்தன்மை பல மடங்கு எகிறும். இழை உறைந்து நிற்கும். திவாலாகத் தொடங்கிய ஏழையின் கணக்கை அந்த இடத்திலேயே முடக்கிவிடுகிறோம். பருமனைக் காப்பாற்றுவதில் சூட்டுக்குச் சமமான பங்கு குளிர்ச்சிக்கு உண்டு. சூடான பகுதி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. லேசர் இங்கேதான் வருகிறது.

பாராமதியிலிருந்து வந்த கதிர்

சுடரின் குறை உங்களுக்கே தெரியும். அடுப்பு ஒரே சீராக எரிவதில்லை. வாயு அழுத்தம் ஏறி இறங்கும், காற்று வீசும், சுடரே மெல்லிய இழையைத் தள்ளும், எரிந்த ஹைட்ரஜன் தண்ணீராகிச் சிலிக்காவில் சேரும். இன்று இழுத்த இழை நேற்று இழுத்ததுபோல் இராது.

லேசருக்கு இந்த வம்புகள் இல்லை. இங்கே பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர் குமார் பட்டேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். நம் கண்ணுக்குப் பளிங்குபோல் தெரியும் சிலிக்கா, அந்த அலைநீளத்துக்குச் சுவர். சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்து அதிரும் அதிர்வோடு ஒத்துப்போவதால் கதிர் மேல்தோலிலேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. கிளாஸ்கோ பொறியில் சுமார் 100 வாட் போதுமானதாக இருந்தது. பழைய குண்டு பல்பு ஒன்றின் சக்தி! அதை ஒரு சின்ன இடத்தில் குவித்தால் 2,000 டிகிரி செல்சியஸ் பக்கம் போகிறது.

ஒரே பக்கத்திலிருந்து கதிரை அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் இளகி இழை கோணிவிடும். ஆகவே சாய்த்து வைத்த ஓர் ஆடியை வேகமாகச் சுழலவிட்டு, கதிரைக் கூம்பு வடிவ ஆடிகளில் வட்டமாக ஓடவிட்டு, தண்டைச் சுற்றிலும் ஒரு நெருப்பு மோதிரம்போல் விழச் செய்கிறார்கள். இழுப்பதற்கு முன்பே அந்த மோதிரத்தைத் தண்டின் மேல் ஒரு முறை ஓட்டி, மேல்தோலை உருக்கி, பழைய நுண்கீறல்களை ஆற்றிவிடுவதும் உண்டு. இதற்கு லேசர் மெருகு என்று பெயர்.

லேசரில் குறையே இல்லையா? அதன் குணமே அதன் குறை. ஒளியிழைத் தொழிற்சாலையின் உலை பருத்த உடம்புக்காரர் மாதிரி. மின்சாரம் ஒரு நொடி தள்ளாடினால் அவருக்குத் தெரியவே தெரியாது. லேசர் சூடாக்கும் இடமோ சில மில்லிமீட்டர். கதிரின் சக்தி துளி நடுங்கினால் கண்ணாடி உடனே உணரும். நான் முன்பு சொன்ன விதியை நினைவில் கொள்ளுங்கள்: நிலைபெற்ற ஓட்டத்தில் சூடு பருமனை மாற்றாது. ஆனால் மாறிக்கொண்டிருக்கும் சூடு மாற்றும். சூடு ஏறினால் இளகிய கழுத்துப் பகுதி நீளும், அங்கே நிற்கும் கண்ணாடியின் அளவு மாறும். அந்த வித்தியாசம் இழையில் ஒரு மெலிவாகவோ புடைப்பாகவோ பதிவாகிவிடும். எனவே சூடு அதிகமா குறைவா என்பதைவிட, அசையாமல் நிற்கிறதா என்பதே கேள்வி.

இன்னொரு தொல்லை, ஆவி. இந்தச் சூட்டில் சிலிக்கா கொஞ்சம் ஆவியாகிறது. உள்ளே போனது முழுதும் வெளியே வரும் என்ற நம் கணக்கில் ஓட்டை விழுகிறது. இழை கணக்கைவிடச் சற்று மெலிந்து வரும். ஆவி குளிர்ந்து வெண்பொடியாக இழைமேல் படிந்தாலும் ஆபத்து. அதனால் பக்கத்திலேயே உறிஞ்சுகுழாய் வைத்து இழுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, தொடக்கமும் முடிவும். நிலைபெற்ற ஓட்டத்துக்குத்தான் நம் கணக்கு. நம் இழையிலோ 3-லிருந்து 0.8, அங்கிருந்து 0.4 என்று ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. கழுத்தில் ஏற்கெனவே நிற்கும் கண்ணாடி புதிய வேகத்துக்கு உடனே பணியாது. நாற்பது பேர் வரிசையில் முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டினால் கடைசி ஆள் உடனே ஓடுவாரா? அந்த மாதிரி. ஆகவே வேண்டிய உருவம் கிடைக்க, மோட்டார்களுக்குக் கொடுக்கும் வேகப் பட்டியலைக் கணக்கோடு அனுபவத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

அளந்து இழுப்பதா, இழுத்து அளப்பதா?

தொலைத்தொடர்பு ஒளியிழைக்காரர்கள் ஓடும் இழையை ஓட ஓட அளக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது 125 மைக்ரான். அனுமதித்த பிசகு ஒரு மைக்ரான் அளவில். இழையின் பக்கவாட்டில் ஒரு லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் கோலத்தைப் படித்து, தொடாமலே பருமனைச் சொல்லும் முறையை 1970-களிலேயே பெல் ஆய்வகத்தார் உருவாக்கினார்கள். அதே ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு லேசராலேயே ஒளியிழை இழுத்தும் பார்த்தார்கள். பிறகு தண்டுகள் பெருத்தன. தொழிற்சாலை உலைக்குப் போய்விட்டது. ஆனால் தொடாமல் அளக்கும் வித்தை நிலைத்துவிட்டது. இழை தடித்தால் இழுவை உருளை வேகத்தைக் கூட்டும், மெலிந்தால் குறைக்கும்.

இந்தப் பின்னூட்டத்திலும் ஒரு சிக்கல். அளக்கும் கருவி உலைக்கு ஒரு மீட்டர் கீழே இருந்து, இழை நொடிக்கு 20 மீட்டர் ஓடினால், தவறு கண்ணில் படுவதற்குள் ஒரு மீட்டர் இழை போய்விட்டிருக்கும். தாமதமாக வந்த செய்திக்குப் பதற்றமாகத் திருத்தம் செய்தால், திருத்தமே புதிய தவறாகும். ஆகவே நிதானமாகத் திருத்து. வேகமாக வரும் நடுக்கங்களை மூலத்திலேயே நிறுத்து. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுப்பவர்களுக்கு இது சரிப்படும்.

60 சென்டிமீட்டர் இழுப்பவருக்கு? திருத்தம் வந்து சேர்வதற்குள் இழையே முடிந்துவிடும். ஆகவே லைகோ இழைக்காரர்களின் வழி வேறு. ஒவ்வோர் இழையையும் இழுத்து முடித்த பிறகு, கேமரா பொருத்திய கருவியில் மேலிருந்து கீழ்வரை மைக்ரான் துல்லியத்தில் பருமனைப் படிக்கிறார்கள். அந்த வரைபடத்தைக் கணினி மாதிரியில் போட்டு, இந்த இழை எந்தச் சுருதியில் ஒலிக்கும், எவ்வளவு நீளும், எங்கே வளையும் என்று முன்கூட்டியே கண்டுகொள்கிறார்கள். ஒத்த இழைகளை நான்கு நான்காகச் சேர்க்கிறார்கள். தொங்கவேண்டிய பாரத்தைவிடக் கூடுதல் பாரம் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். தேறாதது குப்பைக்கு. இதில் பாய்ஸின் சாயல் இருக்கிறது, பார்த்தீர்களா? அவரும் தேர்ந்தெடுத்தார். ஆனால் அவருக்குப் பலவற்றில் ஒன்று கிடைத்தது அதிர்ஷ்டம். இவர்களுக்கு ஒன்றுபோல் ஒன்று வருவது ஒழுங்கு.

இன்னும் ஒரு மிக நுண்ணிய இழை வகையையும் சொல்லிவிடுகிறேன். ஒளியிழையை லேசரில் சில மைக்ரான் வரை மெலிய வைப்பார்கள். அங்கே லேசர் ஒரு நல்ல காரியம் செய்கிறது. இழை மெலிய மெலிய அது உறிஞ்சும் கதிர் குறைகிறது, சுற்றியுள்ள காற்றுக்குச் சூட்டை இழப்பது எளிதாகிறது. தானே குளிர்ந்து, தானே நின்றுவிடுகிறது. சுடரில் அப்படி இல்லை. இழை எவ்வளவு மெலிந்தாலும் சுடரின் சூடு சுடரின் சூடுதான்.

தொடாதே

இழுத்த இழையின் நடுப்பகுதியை யாரும் தொடக்கூடாது. 1921-ல் கிரிஃபித் காட்டியதுதான் காரணம்: கண்ணாடி பலவீனமாக இருப்பது பொருளின் குற்றமல்ல, மேல்தோலின் கீறல்களின் குற்றம். புதிதாக இழுத்த, தீண்டாத சிலிக்கா இழை எஃகுக் கம்பிக்குச் சவால் விடும். விரல் பட்டால் அந்த வலிமை போச்சு.

இத்தாலியில் பீசா நகரத்தின் அருகே உள்ள விர்கோ ஈர்ப்பு அலைக் கருவியில் இப்படி ஒரு சேதம் நேர்ந்தது. ஆடிகளைத் தாங்கிய கண்ணாடி இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. இழைகளின் அளவில் பிசகில்லை. வெற்றிடப் பம்புகளிலிருந்து வந்த தூசித் துகள்கள் இழையில் மோதியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 2017 ஆகஸ்டில் விர்கோ கண்காணிப்பில் சேர்ந்தபோது அதன் ஆடிகள் எஃகுக் கம்பிகளில்தான் தொங்கின. கோளாற்றைச் சரிசெய்து, கண்ணாடி இழைகளை மறுபடி மாட்டி, 2019-ல் அடுத்த சுற்றுக்கு வந்தார்கள். பருமனை மைக்ரான் கணக்கில் காப்பாற்றிவிட்டு, ஒரு தூசியிடம் தோற்கலாம்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பருமன் நாம் இழைக்குக் கொடுப்பது அல்ல. மற்றதையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தால் அது தானாகக் கிடைப்பது. ஊட்டும் கை நடுங்காமல், இழுக்கும் கை நடுங்காமல், சூடு அசையாமல், காற்று கலங்காமல், ஆவி படியாமல், தூசி அண்டாமல் இருந்தால் 0.4 வரும். 0.4-ஐ நேராகப் பிடிக்கும் குமிழ் எதுவும் அந்தப் பொறியில் கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், அவுந்தா நாகநாத் பக்கம், லைகோ-இந்தியா அமைகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்கக் கருவிகளின் அதே வடிவமைப்பு. அதாவது அங்கேயும் நான்கு ஆடிகள், 16 கண்ணாடி இழைகள். ஈர்ப்பு அலையின் சமன்பாட்டை எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்களை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அந்த இழைகளை ஒருவர் உட்கார்ந்து இழுக்க வேண்டும், அளக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். பட்டறை வேலை பாடத்துக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் இந்த அரங்கில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, இரண்டு கையாலும் இழுத்து, வந்த இழையை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஸ்க்ரூ கேஜில் அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். முதல் வரைபடம் மலைத்தொடர்போல் இருக்கும். ஐம்பதாவது எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.